ஆறு இருக்கையும் அரை டாங்க் பெட்ரோலும்

அன்புள்ள சாமு,

நீ அனுப்பிய அட்டவணையை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு எடுத்து வந்துவிட்டேன். போன் திரையில் அந்தப் பொடி எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தது. தாம்பரம் ஸ்டேஷன் எதிரில் இருக்கிற அந்தக் கடைக்காரர் தாளை மெஷினிலிருந்து உருவி, மூன்று விமானங்களின் படத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பிளேன் வாங்கப் போறீங்களா? உங்க தெருவுல தண்ணி லாரியே திரும்பாதே, இத்த எங்க நிறுத்துவீங்க?" என்று கேட்டார். பையன் அமெரிக்காவில் வாங்கப் போகிறான் என்றேன். "அவனே ஓட்டுவானா?" என்றார். ஆமாம் என்று சொன்னபோது என் குரலில் பெருமை இருந்தது. அதை உனக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும்.

அட்டவணைக்குக் கீழே நீ எழுதியிருந்த வரிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். "அம்மா, ஆறு சீட்டு வண்டியையே எடுத்துடலாம்னு இருக்கேன். இனிமே யாரையும் விட்டுட்டு வர வேண்டாம்." இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் இதைப் பேச முடியாது. ஹன்னா நடுவில் வந்து பாட்டிக்கு என்று பியானோ வாசித்துக் காட்டுவாள், ரீனா சமையலறையிலிருந்து "அத்தை" என்று ஏதாவது கேட்பாள், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக் கடந்துவிடுவாய். நீ கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும், நீ முழுதாகக் கேட்கவேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்துப் போனிலேயே அனுப்பிவிடுவேன்.

முதலில் கணக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவள் நான். பொருத்தமான ஒரு கணக்கு கையில் கிடைத்தால் எனக்கு மதியத் தூக்கம் வராது என்று உனக்குத் தெரியும். உன் அட்டவணையில் ஒரு பத்தியில் எத்தனை பேர் உட்காரலாம் என்றும், அடுத்த பத்தியில் எவ்வளவு தூரம் பறக்கும் என்றும் போட்டிருந்தது. அந்த இரண்டு பத்தியும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது என்பதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விற்கிறவர்கள் காலியாக இருக்கும் விமானம் போகிற தூரத்தையும், நிரம்பியிருக்கும் விமானத்தில் இருக்கிற இருக்கையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். நாம் இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொள்கிறோம்.

இங்கே நமக்குத் தெரிந்த ஊர்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன். தோராயக் கணக்குதான், தப்பிருந்தால் திருத்து. நீ இப்போது நண்பர்களோடு சேர்ந்து வைத்திருக்கிற நாலு இருக்கை விமானத்தில் டாங்க்கை நிரப்பினால் மூன்று பெரியவர்களும் அவர்கள் பைகளும்தான் ஏறலாம். நாலாவது ஆள் ஏறவேண்டுமானால் அவர் எடைக்குப் பெட்ரோலைக் குறைக்கவேண்டும். ஆறு இருக்கை விமானத்தில் நீங்கள் மூன்று பேரும் போனால் தாம்பரத்தில் கிளம்பி, நாகர்கோவிலைப் பார்த்துவிட்டு, கீழே இறங்காமலேயே தாம்பரம் திரும்பிவிடலாம். ஆறு இருக்கையிலும் வளர்ந்த ஆட்களை ஏற்றினால் திருச்சி போவதற்குள் அதற்கு மூச்சு வாங்கும். மூன்றாவதாக, வாங்கப் போவதில்லை, ஆசைக்குப் போட்டேன் என்று நீ எழுதியிருந்த அந்த டர்பைன் விமானம் தாம்பரத்திலிருந்து டெல்லிவரைகூடப் போகுமாம். ஆனால் அவ்வளவு எரிபொருளையும் ஊற்றினால் உன்னோடு இரண்டு பேர் ஏறலாம், மற்ற இருக்கைகளில் காற்றுதான் உட்காரும். சரிதானே?

இன்னொன்று உன் அட்டவணையிலேயே இல்லை. ஆறு இருக்கை என்று நீ எண்ணும்போது இரண்டை எனக்கும் அப்பாவுக்கும் என்று எண்ணியிருக்கிறாய். எங்களை ஏற்றிக்கொண்டால் விமானம் எவ்வளவு தூரம் போகும் என்பதை டாங்க் தீர்மானிக்காது. பாத்ரூம் இல்லாத வண்டியில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் என்னால் உட்கார முடியாது. அப்பாவுக்கு அதுவும் முடியாது. சென்ற வருஷம் நாம் நடுவழியில் இறங்கிய அந்தச் சின்ன விமானத்தளத்தில் நான் ஓடிய ஓட்டத்தை நீ பார்த்தாய், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாய். நல்ல பிள்ளை.

சரி, அந்த நாளுக்கே வந்துவிடுகிறேன். நீ "விட்டுட்டு வர வேண்டாம்" என்று எழுதினாயே, அது பாலு அங்கிளைத்தான் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கும் பாலு அங்கிளுக்கும் இருந்த பழக்கம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். தாம்பரத்தில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் அவர்தான். வேலைக்காக அமெரிக்கா போனார், அங்கேயே தங்கிவிட்டார். மனைவி இறந்த பிறகு நியூ மெக்ஸிகோவில் ஒரு மலை ஊரில் மகள் வீட்டில் இருந்தார். மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போனால் மாலைதான் வருவார்கள். தமிழில் பேசுவதற்கு அவருக்கு இருந்த ஒரே ஆள் உன் அப்பாதான், அதுவும் போனில். அதனால்தான் நாங்கள் உன் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அப்பா, "பாலுவைப் பாக்க எப்போ போலாம்?" என்று ஆரம்பித்தார். காரில் போனால் ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும் என்றாய். "அப்போ உன் பிளேன்ல கூட்டிட்டுப் போ" என்றார். நீ உடனே ஒத்துக்கொண்டாய். உன் முகம் அன்று பிரகாசமாக இருந்தது. அப்பா உன்னிடம் ஏதாவது கேட்டது ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல்தடவை.

போகும்போது எல்லாம் நன்றாக இருந்தது. விடியற்காலைக் குளிரில் கிளம்பினோம். அப்பா கீழே பார்த்துக்கொண்டே வந்தார். நம் வீட்டு மொட்டைமாடியில் நின்று விமானப்படைப் பயிற்சி விமானங்கள் வட்டமடிப்பதை அண்ணாந்து பார்த்த மனிதர், இப்போது மேலேயிருந்து குனிந்து பார்க்கிறார். "ஒரு மரம் இல்ல பாரு, ஒரு வீடு இல்ல பாரு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பாலு அங்கிள் விமானத்தளத்துக்கே காரோட்டி வந்திருந்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீ போட்டோ எடுத்தாய்.

மறுநாள் காலையிலேயே கிளம்பவேண்டும் என்று நீ ராத்திரி சாப்பாட்டின்போதே சொல்லிவிட்டாய். வெயில் ஏறினால் மலை ஊரில் காற்று இன்னும் லேசாகிவிடும், விமானம் சட்டென்று எழும்பாது, மதியத்துக்கு மேல் இடிமழை வேறு வரும் என்று விளக்கமாகவே சொன்னாய். யார் கேட்டார்கள்? பாலு அங்கிள் மகள் பிரியாணி செய்கிறேன் என்றாள். பாலு அங்கிள் பழைய பாட்டுகளை எடுத்து விட்டார். நீ வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாய். கிளம்பும்போது மதிய வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் பாலு அங்கிள் உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார், தலை வாரியிருந்தார்.

"நம்ம கூட வரான். ரெண்டு வாரம் நம்மளோட இருக்கட்டும்" என்றார் அப்பா. உன்னைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஒரு இருக்கை காலியாக இருந்தது, ஒரு நண்பர் தனியாக இருந்தார். நம் ஊரில் அதற்குமேல் என்ன யோசிக்க இருக்கிறது? ஒரு ஸ்கூட்டரில் என்னையும் உன்னையும் உன் அத்தையையும் வைத்துக்கொண்டு பல்லாவரம் சந்தைக்குப் போய் வந்தவர் அவர்.

நீ அவருடைய கார் சாவியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாய். பிறகு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு விமானத்தளத்துக்கு வந்தாய். அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டாய். திரும்பத் திரும்பப் போட்டாய். நான் உன் பின்னால்தான் நின்றேன். எப்படியாவது விடை மாறாதா என்று நீ பார்க்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. பரீட்சைத் தாளில் அதே முகத்தை எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

"அங்கிள், மன்னிச்சிருங்க. நாலு பேர் முடியாது" என்றாய்.

"ஏன், சீட்டு காலியாத்தானே இருக்கு?" என்றார் அப்பா.

"சீட்டு இருக்குப்பா. நாலு பேர் ஏறணும்னா பாதிப் பெட்ரோலை இறக்கணும். வழியில மழை மேகம் வந்தா சுத்திப் போகப் பெட்ரோல் இருக்காது. இந்த வெயில்ல இவ்ளோ வெயிட்டோட எழும்புறதே கஷ்டம்."

"ஒரு ஆள்தானேடா. அவன் என்ன யானையா?"

"ஒரு ஆள்தாம்பா. ஆனா முடியாது."

"அப்போ நான் இங்கயே இருந்துக்கிறேன். அவனைக் கூட்டிட்டுப் போ."

இதைக் கேட்டு பாலு அங்கிள்தான் சிரித்தார். "நீ இல்லாம உன் பையன் வீட்ல நான் என்னடா பண்ணுவேன்? போய்ட்டு வா" என்று பெட்டியைக் கையில் எடுத்தார். நீ ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டு கார்வரை போனாய். அடுத்த மாதம் நீயே வந்து அழைத்துக்கொண்டு போவதாக அவரிடம் சொன்னாய். அவர் உன் தோளைத் தட்டினார்.

அதன்பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு எப்படித் தெரிந்தது என்பது உனக்குத் தெரியாது. ஓடுபாதையில் விமானம் ஓடிக்கொண்டே இருந்தது. சக்கரம் தரையை விடவே மாட்டேன் என்கிறது. பாதை முடிகிற இடத்தில் வேலி, வேலிக்குப் பின்னால் மேடு. நான் கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தேன். கண்ணைத் திறந்தபோது மேட்டின் புதர்கள் எங்களுக்குக் கீழே இருந்தன, ஆனால் ரொம்பக் கீழே இல்லை. மூன்று பேருக்கே அப்படி. பாதி வழியில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நீ தெற்கே ஒரு பெரிய வளைவு எடுத்து அந்த மழையைச் சுற்றினாய். வலதுபக்கம் வெயில், இடதுபக்கம் மின்னல். அந்தச் சுற்றுக்கு ஆன பெட்ரோல் எது? பாலு அங்கிள் ஏறியிருந்தால் நீ இறக்கியிருக்கவேண்டிய பெட்ரோல்தான். சின்னத் தளத்தில் இறங்கி மறுபடி நிரப்பும்போது உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்பா வண்டியைவிட்டு இறங்கி, உன் பக்கம் திரும்பாமல், நிழலில் போய் நின்றார்.

அடுத்த மாதம் உனக்கு ஆபீஸில் வேலை அதிகமாகிவிட்டது. அதற்கடுத்த மாதம் பனி. நாங்கள் தாம்பரம் திரும்பிவிட்டோம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாலு அங்கிள் மகள் போன் பண்ணி, தன் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னாள்.

அன்றிலிருந்து நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விடுகிறார். "அப்பா எப்படி இருக்கார்?" என்று நீ கேட்பாய். "நல்லா இருக்கார்" என்பேன். அவர் உன்மேல் கோபமாக இருக்கிறார் என்று நீ முடிவு செய்துவிட்டாய். ரீனாவிடம் நீ அப்படிச் சொன்னதாக அவள் எனக்குச் சொன்னாள். அவளைத் திட்டாதே, அவளுக்கு உன்னைப் பற்றிக் கவலை. ஆறு இருக்கை விமானம் எங்கிருந்து வந்தது என்று இப்போது எனக்குப் புரிகிறது.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அந்த ஆறு இருக்கை விமானம் அன்றைக்கு நம்மிடம் இருந்திருந்தால் பாலு அங்கிள் வந்திருக்கலாம். அதில் காலையிலேயே கிளம்பியிருந்தால் நாலு பேரும் நல்லபடியாகப் போயிருப்போம், அதையும் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் சாமு, அந்த விமானம் இருந்திருந்தால் அப்பா அவரை மட்டுமா கூப்பிட்டிருப்பார்? அந்தப் பெண்ணையும் மருமகனையும் கிளப்பியிருப்பார். ஆறு இருக்கையும் நிரம்பியிருக்கும், நீ அதே இடத்தில் அதே வெயிலில் உட்கார்ந்து அதே கணக்கைப் போட்டிருப்பாய். எந்த விமானம் வாங்கினாலும் என்றைக்காவது ஒருநாள் யாரிடமாவது நீ முடியாது என்று சொல்லத்தான் வேண்டும். அந்த வார்த்தையைச் சொல்லாமல் தப்பிக்கிற விமானம் எந்தக் கம்பெனியிலும் செய்வதில்லை. பெரிய எஞ்சின், அதிக வேகம், அதற்குத் தனிப் பயிற்சி, வாரம் தவறாமல் பறக்கவேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய். உனக்கு இப்போது மாதத்தில் ஒருநாள் கிடைப்பதே பாடு. இறந்துபோனவருக்கு ஒரு இருக்கை போட்டுக்கொடுக்க அவ்வளவு பெரிய வண்டியை எடுத்து, அதைப் பழகாத கையோடு நீ ஓட்டவேண்டாம்.

இதை எழுத நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் போன வாரம் ஒன்று நடந்தது. மேடவாக்கத்தில் உன் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு அப்பாவும் நானும் ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே நெருக்கி உட்கார்ந்திருந்தோம். வழியில் பருத்த உடம்போடு ஒருவர் கை காட்ட, டிரைவர் நிறுத்திவிட்டார். "சார், கொஞ்சம் அஜீஸ் பண்ணிக்கோ சார். ஒரு ஆளுதான்" என்றார்.

"எங்கே உக்காருவாருப்பா?" என்றேன் நான்.

"இன்னாம்மா நீ, எடம் கீது. மனசு வெச்சா ஒக்காரலாம்."

அந்த ஆள் அப்பாவின் மடியில் பாதியும் கம்பியில் பாதியுமாக உட்கார்ந்தார். ஆட்டோ ஒருபக்கம் சாய்ந்தபடியே கிளம்பியது. அப்பா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்க்கிறேன். சேலையூரில் இறங்கியதும் பஸ் நிழற்குடையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"பாலு நினைப்பு வந்துடுச்சு. உன்கிட்ட ஒண்ணு சொல்லல நான்."

நாம் டெக்ஸாஸில் உன் வீட்டுக்குத் திரும்பிய அந்த வாரமே பாலு அங்கிள் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். அப்பா மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் அவர் தடுத்துவிட்டு, "டேய் ஆசீர், உண்மையைச் சொல்லட்டுமா? அந்தத் தீப்பெட்டியைப் பாத்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. நீ ஆசையாக் கூப்பிட்டுட்ட, வரலைன்னு எப்படிச் சொல்றது? உன் பையன் முடியாதுன்னு சொன்னானே, அவன் வாயில சக்கரை போடணும்டா" என்றாராம். இரண்டு பேரும் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

"இதை ஏங்க சாமுகிட்ட சொல்லல?" என்றேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவன் செத்துப்போய்ட்டான். அதுக்கப்புறம் சிரிச்சுக்கிட்டு சொல்ல முடியல, அழுதுக்கிட்டும் சொல்ல முடியல. பையன் சரியாத்தான் செஞ்சான். ஒரு வார்த்தை கேக்காம அவனைக் கூப்பிட்டது நான். எல்லார் முன்னாடியும் அந்தப் பிள்ளையைச் சங்கடத்துல நிறுத்திட்டு, நானே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். இப்போ எந்த மூஞ்சியோட போனை வாங்குறது?"

பாலு அங்கிள் சொன்னது நிஜமா, இல்லை நண்பனைத் தேற்றுவதற்காகச் சொன்னதா, எனக்குத் தெரியாது. அவர் இரண்டுக்கும் பொருத்தமான மனிதர்தான். நல்ல சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு அவர் வந்து நின்றதை நான் மறக்கவில்லை. ஆனால் உன் அப்பா பால்கனிக்குப் போவது கோபத்தால் இல்லை என்பது மட்டும் இப்போது நிச்சயம். நீங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி. ஒருவர் பால்கனிக்குப் போகிறார், ஒருவர் விமானம் வாங்கப் போகிறார்.

இருக்கிற நாலு இருக்கை விமானமே போதும் கண்ணா. நாங்கள் கோடையில் வருகிறோம். பெரிய விமானத்தில், நடைபாதையும் பாத்ரூமும் உள்ள விமானத்தில், அதைப் பிழைப்பாக ஓட்டுகிறவர்களை நம்பி வருகிறோம். அங்கே வந்தபிறகு ஒருநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ, இன்னொருநாள் என்னை. மற்றவர்கள் தரையில் காத்திருக்கட்டும். காத்திருப்பது ஒன்றும் அவமானம் இல்லை. நீ முடியாது என்று சொல்லும்போது உன் குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, ஆனால் சொல். அன்றைக்கு அதைச் சொன்ன பிள்ளையின் பின்னால் உட்கார்ந்துதான் நான் அந்த மேட்டைத் தாண்டினேன்.

அப்பாவிடம், நீங்களே அவனுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். "ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்ததும் பண்றேன்" என்றார். நேற்றிலிருந்து அறைக்குள் தனக்குத்தானே பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் ஒரு உதவி. இந்தக் கடிதம் உனக்கு வந்ததாகவே காட்டிக்கொள்ளாதே. பாலு அங்கிள் கதையை அவர் சொல்லட்டும், அது அவருடையது. நடுவில் நிறுத்துவார், தொண்டையைச் செருமுவார், நீ அவசரப்பட்டு எதையும் எடுத்துக்கொடுக்காதே. தீப்பெட்டி என்கிற இடம் வரும்போது அவர் சிரிப்பார் என்று நினைக்கிறேன். நீயும் சிரி.

உன் அம்மா